பெட்டி பிரிக்காத பிரேக் ஹோஸ்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மனைவி சொல்வாள். மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "அந்த மஞ்ச கலர் மாத்திரை, போன மாசம் குடுத்தீங்களே, அது குடுங்க" என்று வந்து நிற்கிறவர்களிடம் பகல் முழுக்கக் கத்தித் தீர்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார் ஷெட்டுக்குள் நுழைந்தால்தான் எனக்கு மூச்சு சீராகும். அங்கே வெட்டுக்கிளி நிற்கும்.

வெட்டுக்கிளி எங்கள் கார். பச்சை நிறம், இரண்டே இருக்கை, தலைக்கு மேல் கூரை கிடையாது. என்னைவிட ஏழு வயது மூத்தது. இந்த மாதிரிப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைக் கட்டிக்கொண்டு அழுகிற பைத்தியங்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருக்கிறோம். கிளப்பில் இரண்டு கட்சி. ஒன்று துடைக்கிற கட்சி. ஒரு ஸ்க்ரூவின் தலைகூட அன்றைக்குக் கம்பெனியிலிருந்து வந்தது போலவே இருக்கவேண்டும் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள். இன்னொன்று ஓட்டுகிற கட்சி. "அலமாரியில வைக்கிறதுக்கா இதைச் செஞ்சான்? மிதிடா!" என்பவர்கள். நான் துடைக்கிற கட்சியின் தூண். என் மனைவி ஓட்டுகிற கட்சியின் தலைவி. ஒரே வீடு, ஒரே கார். எப்படிக் குடும்பம் நடத்துகிறோம் என்று கிளப்பில் எல்லோருக்கும் ஆச்சரியம்.

ஒப்பந்தம் போட்டுத்தான் நடத்துகிறோம். அவள் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறாள். வாரம் முழுக்க, "இருபதுல போங்க, இருபதுல போங்க" என்று கற்றுக்கொள்ள வருகிறவர்களின் காதில் ஓதி ஓதி, வெட்டுக்கிளியில் உட்கார்ந்ததும் அத்தனை வாரத்தையும் ஒரே நாளில் தீர்த்துக்கொள்வாள். அவள் அன்று சொன்னது எனக்கு வரி மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "பெயின்ட், சீட்டு, மீட்டர், நட்டு, போல்ட்டு எல்லாம் உங்க இஷ்டம். வாயே திறக்கமாட்டேன். ஆனா டயர், ஸ்டீயரிங், பிரேக் மூணும் என் இஷ்டம். அதுல உங்க அசல் கிசல் எதுவும் வேணாம். ஓட்டுறது நான். உசுரு என்னோடது."

சரி என்று தலையாட்டினேன். பதினாறு வருஷம் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

போன வருஷம் வந்தது வினை. வருஷத்துக்கு ஒரு நாள் எங்கள் கிளப்பில் போட்டி நடக்கும். காலையில் காரின் அசல்தன்மைக்கு நூறு பாயின்ட். மதியம் மலைச்சாலை ஓட்டத்துக்கு நூறு. காலையில் பார்க்கிறவரை நாங்கள் பூதக்கண்ணாடி என்போம். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கம் பக்கமாகத் தப்புக் கண்டுபிடித்த கண் சும்மா இருக்குமா? காருக்கு அடியில் பாயைப் போட்டுப் படுத்து, டார்ச் அடித்து, லென்ஸை வைத்துப் பார்ப்பார். போன வருஷம் அடியிலிருந்து எழுந்து வந்து, "முன் சக்கரம் ரெண்டுலயும் பிரேக் ஹோஸ் புதுசு. ஒண்ணுக்கு ஒண்ணு, ரெண்டு பாயின்ட் போச்சு" என்றார். அந்த இரண்டு பாயின்டில்தான் கோப்பை போனது. யாருக்குப் போனது? ஒரு சிவப்பு வண்டிக்காரனுக்கு. அவன் தன் காரைக் கழுவக்கூடத் தெரியாதவன்!

அந்த வயிற்றெரிச்சலை ஒரு வருஷம் சுமந்தேன். அப்புறம்தான் ஒரு தரகர் போன் செய்தார். முப்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கைக் காலி செய்கிறார்களாம். போனேன். தூசிக்குள்ளே இரண்டு சின்ன அட்டைப்பெட்டி. உள்ளே மெழுகுத்தாளில் சுற்றி, என் காருக்கென்றே செய்த இரண்டு பிரேக் ஹோஸ். ஒவ்வொன்றின் கழுத்திலும் பித்தளை வளையம், அதில் கம்பெனி முத்திரை, வெட்டுக்கிளி பிறந்த வருஷம். நான் பிரிக்கிறவரை ஒட்டின தாள்கூடக் கிழியவில்லை. யாரும் ஒரு நாள்கூடப் பயன்படுத்தாத சரக்கு. பேரம்கூடப் பேசாமல் காசை எடுத்து நீட்டினேன், அவ்வளவு சந்தோஷம்.

இந்த ஹோஸ் என்பது ஒரு முழ ரப்பர் குழாய். பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெய் இதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகும். இது அறுந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது, ஏனென்றால் அந்தக் காலத்துக் காரில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய், ஒரே வழி. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். பெட்டியே பிரிக்கவில்லையே, அப்படியென்றால் இதுவும் புதுசுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போட்டிக்கு முந்தின நாள், அவள் ஸ்கூலுக்குப் போனதும் கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டு வந்து, அவள் போன மாதம் வாங்கி மாட்டிய புது ஹோஸ் இரண்டையும் கழற்றினேன். பழையதை மாட்டினேன். வளைத்து மாட்டும்போது காய்ந்த இலையை மிதித்தாற்போல மெல்ல ஒரு சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டேன். விரலால் தடவிப் பார்த்தேன். மெழுகாக இருக்கும் என்று முடிவு கட்டினேன். எண்ணெய் ஊற்றி, காற்றையெல்லாம் எடுத்து, பெடலைப் பத்துத் தடவை மிதித்தேன். கல்லு மாதிரி இருந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. கழற்றின புது ஹோஸ் இரண்டையும் கடையின் பழுப்புக் கவரில் போட்டேன். எந்தக் கவரானாலும் மேலே ஒரு வரி எழுதாவிட்டால் எனக்குக் கை அரிக்கும், அதனால் எழுதினேன். எழுதி, நாளைக்குப் போடவேண்டிய கோட்டின் உள்பையில் வைத்தேன். ஓட்டம் முடிந்ததும், வீட்டுக்குத் திரும்புவதற்கு முன்னால், யாரும் பார்க்காமல் மாட்டிவிடலாம். அவளுக்குத் தெரியவே போவதில்லை.

ஓட்டத்துக்கு முன்னாலேயே மாட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. எங்கள் கிளப்பில் அதற்கொரு சட்டம். முன்னெல்லாம் காலையில் அசல் சாமானைக் காட்டிவிட்டு, மதியம் புதுச் சாமானை மாட்டி ஓட்டித் தப்பித்தவர்கள் இருந்தார்கள். அதனால் இப்போது பூதக்கண்ணாடி பார்த்து முடித்ததும் பானெட்டில் கம்பி கோத்து ஈய முத்திரை வைத்துவிடுவார். சக்கரத்து நட்டுகளில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார். மலை இறங்கி முடிகிற இடத்தில்தான் முத்திரையை வெட்டுவார்கள். நடுவில் அது உடைந்தாலோ கோடு விலகினாலோ மொத்தப் பாயின்டும் போச்சு. காட்டினதைத்தான் ஓட்டவேண்டும்.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். ஓட்டத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் எப்போதும் நான்தான். இந்தத் தடவை, "கோப்பை நம்மகிட்ட வந்தாச்சு, நீ மெதுவா போம்மா" என்று கெஞ்சி, முதுகுவலி, தலைசுற்றல் என்று எதையாவது சொல்லி, இருபதிலேயே ஓட்ட வைத்துவிடலாம். இதுதான் என் மகா திட்டம்.

காலையில் பூதக்கண்ணாடி காருக்கு அடியில் படுத்தபோது நான் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். இரண்டு கார் தள்ளி, அடுத்த வண்டிக்காரர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு நின்றாள் அவள். அடியிலிருந்து, "அட! அடடா! இது எங்க கெடச்சுது உங்களுக்கு? பிரேக்..." என்று குரல் வந்தது. நான் இருமினேன். சும்மா இருமலா அது? மைதானமே திரும்பிப் பார்த்தது.

"என்னங்க, என்னாச்சு?" என்று தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்ல, தூசி."

பூதக்கண்ணாடி வெளியே வந்து பாயைத் தட்டிச் சுருட்டினார். "உங்க வீட்டுக்காரருக்கு இந்த வருஷம் ஒரு குறையும் சொல்ல முடியலம்மா. நூத்துக்கு நூறு. பதினோரு வருஷத்துல முதல் தடவை" என்றார்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்து அழுத்தினாள். "உங்க பாதிய நீங்க முடிச்சிட்டீங்க. இனி என் பாதி" என்றாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஈயத்தைக் குறடால் நசுக்குகிற சத்தம் கேட்டது. நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மதியம் எல்லாக் காரும் வரிசையில் நின்றன. ஒரு நிமிஷத்துக்கு ஒரு கார். ஆறாவது சிவப்பு வண்டிக்காரன், ஏழாவது நாங்கள், எட்டாவது பல் டாக்டர். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெட்டுக்கிளியின் கதவைத் திறக்கப் போகும்போது என் மகள் வந்து முன்னால் நின்றாள். கல்லூரியில் கடைசி வருஷம். இந்தக் காரை அவள் சின்ன வயசிலிருந்தே, "உங்க மூத்த பொண்ணு" என்று கிண்டல் செய்வாளே தவிர, ஒரு நாளும் ஏறினதில்லை. ஏறச் சொல்லி நான் கெஞ்சாத நாளில்லை.

"அப்பா, இன்னிக்கு நான் அம்மாகூடப் போறேன். நீங்க டாக்டர் அங்கிள் வண்டியில வாங்க."

"ஐயோ, வேணாம்மா, வெயிலு..."

"வருஷம் பூரா ஏறு ஏறுன்னு உயிரை வாங்குனீங்க, இப்ப ஏறுறேன்னா வேணாங்கிறீங்க! வீடியோ எடுக்கணும்பா. நகருங்க." சொல்லிக்கொண்டே கதவைத் தாண்டி உள்ளே குதித்து உட்கார்ந்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

பெல்ட் போடு என்று சொல்ல வாயெடுத்தேன். எந்தப் பெல்ட்டைப் போடுவாள்? கம்பெனியிலிருந்து வந்தபோது இந்தக் காருக்குப் பெல்ட் இல்லை, அதனால் இப்போதும் இல்லை. அதுவும் என் உபயம்தான்.

"மெதுவா போ" என்றேன் மனைவியிடம். குரல் எனக்கே கேட்கவில்லை.

"போன வருஷம் அந்த சிவப்பு வண்டி என் முகத்துல புழுதி அடிச்சிட்டுப் போச்சு. இந்த வருஷம் பாருங்க" என்று கண்ணடித்தாள். தன் போனை எடுத்து என் கையில் திணித்தாள். "இதை வச்சிருங்க, குதிச்சுக் குதிச்சு விழுந்துடும்."

கொடிக்காரர் கொடியை உயர்த்தினார். அந்தக் கொடி இறங்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பத்து விநாடி. "நிறுத்து, பிரேக்ல பழைய ஹோஸ் போட்டிருக்கேன்" என்று சொல்ல மூன்று விநாடி போதும். முப்பது பேர் முன்னால், பூதக்கண்ணாடி முன்னால், மகள் முன்னால் அவள் என்னைப் பார்க்கப்போகிற பார்வையை நினைத்தேன். கொடி இறங்கியது. வெட்டுக்கிளி சீறிக்கொண்டு போனது, மகள் கையைத் தூக்கி ஆட்டினாள்.

பல் டாக்டர் என் கட்சிக்காரர். நல்ல மனுஷர், ஆனால் கழுத்தறுப்பு. முப்பதுக்கு மேல் போகமாட்டார். "என்ன சார், வேர்த்துக் கொட்டுது? இந்தக் காத்துலயா?" என்றார்.

"கொஞ்சம் வேகமா போங்க டாக்டர்."

"நீங்களா சொல்றீங்க!" என்று சிரித்தார். "நம்ம கட்சிக்கே துரோகம்."

மலை ஏறும் வரைக்கும் எனக்கு அவ்வளவு பயமில்லை. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை கிடையாது. உச்சியில் ஒரு சாவடி. அங்கே கிளப் ஆட்கள் இரண்டு பேர் வாக்கி டாக்கியோடு உட்கார்ந்திருப்பார்கள். அதற்கப்புறம் ஒன்பது கிலோமீட்டர் இறக்கம், பதினொரு கொண்டை ஊசி வளைவு. சாவடியில் சொன்னால் போதும். இறக்கத்தில் மூன்றாவது வளைவில் இன்னொருவர் நிற்கிறார், அவர் கை காட்டி நிறுத்திவிடுவார். சொல்லிவிடலாம். சொல்லத்தான் போகிறேன் என்று மலை ஏறும் வரைக்கும் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

சாவடி வந்தது. அட்டையோடு ஒருவர் ஓடி வந்து நேரம் குறித்தார். "உங்க வீட்டம்மா பறந்து போறாங்க சார்! சிவப்பு வண்டிக்கும் அவங்களுக்கும் பத்து விநாடிகூட இல்ல. நீங்க அசல்ல நூறாமே! கோப்பை உங்களுக்குத்தான்!" என்று என் தோளைத் தட்டினார்.

"தேங்க்ஸ்" என்றேன்.

கேட்டீர்களா? தேங்க்ஸ் என்றேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

வண்டி நகர்ந்ததும் மகளுக்குப் போன் போட்டேன். அம்மாவை மெதுவாக ஓட்டச் சொல் என்று மட்டும் சொன்னால் போதும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்று கணக்குப் போட்டேன். மணி அடித்தது. கட் செய்தாள். மறுபடி போட்டேன். மறுபடி கட். வீடியோ எடுக்கிறாள், நடுவில் அப்பன் தொந்தரவு. மூன்றாவது தடவை அழைப்பே போகவில்லை, இரண்டு மலைக்கு நடுவில் சிக்னல் செத்துவிட்டது.

முதல் வளைவில் திரும்பியதும் கீழே சாலை தெரிந்தது. மடித்துப் போட்ட கயிறு மாதிரி கீழே கீழே இறங்கிப் போகிறது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. நாலாவது வளைவுக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளி ஓடியது. அதன் முதுகில் குட்டியாக ஒரு சிவப்பு விளக்கு. பிரேக் விளக்கு. எரிந்தது, அணைந்தது. வளைவைத் தாண்டினாள். எனக்கு உயிர் வந்தது.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். இப்போதைய கார்களில் பெடலை மிதித்தாலே விளக்கு எரிந்துவிடும். வெட்டுக்கிளியில் அப்படியில்லை. பிரேக் எண்ணெயில் அழுத்தம் ஏறினால்தான் ஸ்விட்ச் வேலை செய்யும். எண்ணெய் போய்விட்டால் பெடலைத் துவைத்தெடுத்தாலும் விளக்கு எரியாது. இந்த அசல் ஸ்விட்சுக்காக நான் மூன்று வருஷம் அலைந்து, இரண்டு பாயின்ட் வாங்கினவன். அதனால் அந்த மலையில் இருந்த அத்தனை பேரிலும் அந்த விளக்கைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஐந்தாவது வளைவு. எரிந்தது. ஆறாவது. எரிந்தது, கொஞ்சம் தாமதமாக. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பிரேக்கை அவள் குத்திக் குத்தி மிதிக்கிறாள், ஒவ்வொரு மிதிக்கும் அந்தப் பழைய ரப்பருக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குக் கண்ணில் படமாக ஓடியது. அந்தக் காய்ந்த இலைச் சத்தம் காதிலேயே கேட்டது.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. போன வாரம்தான் கடையில் ஒரு பெட்டி டானிக்கைத் திருப்பி அனுப்பினேன். தேதி முடிந்து எட்டு நாள். சரக்குப் போடுகிறவர், "பெட்டியே பிரிக்கலையே சார்" என்றார். என் வாய் சும்மா இருக்குமா? "பெட்டி பிரிக்கலன்னா உள்ள இருக்கிறதுக்கு வயசாகாதாய்யா? உன் பிள்ளைக்குக் குடுப்பியா இதை?" என்று கடைத்தெருவே கேட்கக் கத்தினேன். நான்தான் கத்தினேன். இதே வாய்தான்.

ஏழாவது வளைவு. பச்சைப் புள்ளி நேராக வளைவை நோக்கிப் போனது. விளக்கு எரியவில்லை.

எரியவில்லை!

"டாக்டர்" என்றேன். "டாக்டர், பிரேக் போயிடுச்சு."

"நம்ம வண்டிக்கா?" என்று அவர் பதறிப்போய்த் தன் பெடலை மிதித்தார்.

"அவங்களுக்கு! நான்தான்... பழைய ஹோஸை... ஐயோ, போங்க டாக்டர், போங்க!"

கீழே வெட்டுக்கிளி வெளிச்சுவருக்கு ஒரு சாண் விட்டு, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு திரும்பியது. என்ஜின் அலறுகிற சத்தம் மலைமேல் ஏறி வந்தது. கியரை இறக்குகிறாள். மூன்று, இரண்டு. சத்தம் கிழித்துக்கொண்டு வந்தது. பிறகு பாறை மறைத்துவிட்டது. எட்டாவது வளைவு எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது. டாக்டர் ஒரு கையால் என் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பாவம், அந்த மனுஷர் வாழ்நாளில் முதல் தடவையாக ஐம்பதில் ஓட்டினார். சத்தம் வருகிறதா, வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ தகரத்தைப் பாறையில் இழுக்கிற சத்தம் வந்தது. நீளமாக வந்தது. அப்புறம் நின்றது.

அந்த அமைதியைப் போல ஒன்றை நான் கேட்டதில்லை. என்னென்னவோ வேண்டினேன். கோப்பை வேண்டாம், கார் வேண்டாம், கடை வேண்டாம், என்னை எடுத்துக்கொள் என்றெல்லாம் சத்தமாகவே சொன்னேன் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

ஒன்பதாவது வளைவுக்கு முன்னால் சாலை வேலைக்காகக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் வெட்டுக்கிளி மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. இடது பக்கம் முழுக்கப் பாறையில் உரசி, பச்சை போய்ப் பளபளவென்று தகரம் தெரிந்தது. என் மனைவி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்த கை அது. மகள் சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்து ரத்தம். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. உயிரோடு இருந்தார்கள். இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டேன். கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தினேன். "அம்மா சுவத்துப் பக்கம் போகாம பாறைப் பக்கமா வண்டிய ஒட்ட வச்சு ஒட்ட வச்சு நிறுத்தினாங்கப்பா. என்னைக் காலைத் தூக்கிக்கோ, காலைத் தூக்கிக்கோன்னு..." என்று சொல்லமுடியாமல் தேம்பினாள். "நீங்க போன் பண்ணீங்க, நான் கட் பண்ணிட்டேன். எதுக்குப்பா பண்ணீங்க?"

"சும்மாதாம்மா" என்றேன்.

கீழிருந்து கிளப் ஜீப்பில் பூதக்கண்ணாடியும் இரண்டு பேரும் வந்தார்கள். அவர் முதலில் என் மனைவியின் கையைப் பார்த்தார், மகளின் உதட்டைப் பார்த்தார், நல்ல மனுஷர். அப்புறம் பழக்கதோஷம், கண் தானாகப் பானெட்டுக்குப் போனது. "முத்திரை உடையல" என்று, ஆறுதல் சொல்கிறாற்போலச் சொன்னார். பிறகு ஜல்லியில் முட்டி போட்டு, டார்ச்சை எடுத்து முன் சக்கரத்துக்குப் பின்னால் அடித்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"ஹோஸ் நெடுக வெடிச்சிருக்கும்மா. பழைய ரப்பர்ல, உள்ளுக்குள்ளயே செத்துப்போச்சு. காலையில இதுக்குத்தான் நான்..." என்று நிறுத்தினார். "நான்தான் முழு மார்க் போட்டேன்."

"பழசா?" என் மனைவி மெல்ல இறங்கி வந்தாள். "போன மாசம் நானே கடைக்குப் போய்ப் புதுசு வாங்கி மாட்டினேனே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் மட்டும் தரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்லமாட்டார். எனக்கு அப்போதும் ஒரு நொடி இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்த நொடியிலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"புதுசுன்னு சொல்லி உன்னை ஏமாத்திட்டான் போல அந்தக் கடைக்காரன்" என்றேன். கோபமாகவே சொன்னேன். எனக்குத்தான் கோபம் சீக்கிரம் வருமே.

அவள் நம்பினாள். என் முகத்தைப் பார்த்து, "அவனைச் சும்மா விடக்கூடாதுங்க" என்றாள். "பிள்ளை போயிருப்பாளே."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கைக்குட்டை தேடி என் கோட்டின் உள்பையில் கையை விட்டாள். பழுப்புக் கவர் வெளியே வந்தது. கடைப்பெயர் அச்சடித்த கவர். மருந்து என்று நினைத்திருப்பாள், வாயைப் பிரித்துக் கையில் கவிழ்த்தாள். கருகருவென்று புத்தம் புதிய ஹோஸ் இரண்டு அவள் மடியில் விழுந்தன. அவளுக்கு அது என்னவென்று தெரியவில்லை. அவள் அம்மாவுக்குத் தெரிந்தது.

மகள் கவரைத் திருப்பி, அதன் மேல் நான் எழுதியிருந்ததைப் படித்தாள். சின்ன வயசிலிருந்து எங்கள் வீட்டில் எல்லா மாத்திரைக் கவரிலும் பார்த்த கையெழுத்து. காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதுகிற அதே கையெழுத்து.

"வலது ஒன்று, இடது ஒன்று" என்று வாய்விட்டுப் படித்தாள். "ஓட்டம் முடிந்த பிறகு."

என் மனைவி அந்த இரண்டு ஹோஸையும் வலது கையால் எடுத்தாள். என்னைத் திட்டவில்லை. ஜீப்பில் ஏறி முன்னால் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மகள் எழுந்தாள். கோட்டைக் கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்துவிட்டு அம்மாவிடம் போனாள். அவளுக்கு இன்னும் நடுக்கம் நிற்கவில்லை.